சூல்மகளிரும் சத்துமாத்திரையும்: கோஷா மருத்துவமனை முதல் கடையநல்லூர் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்கள் உட்கொள்ளும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளின் வரலாறு தமிழகத்தின் வழியாகவும் சென்ற ஒன்று. 1931இல் சென்னைக் கோஷா மருத்துவமனையில் லூசி வில்ஸ் ஆற்றிய பணி, எல்லாப்பிரகத சுப்பாராவின் ஆய்வுக்குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது, 1970 முதல் அரசு நடத்தும் மாத்திரை வழங்கும் திட்டம் ஆகியவற்றை இக்கட்டுரை தொடர்புபடுத்துகிறது. ஏழைப் பெண்களின் உணவை உற்றுநோக்கியதிலிருந்து பிறந்த அறிவு, மாத்திரையாக அவர்களிடம் திரும்பி வந்தபோது அவர்கள் என்ன உண்கிறார்கள் என்ற வினாவை இழந்துவிட்டது என்பது இதன் வாதம். அவ்வினா இன்று எவ்வடிவில் எழுகிறது என்பதைக் கடையநல்லூரை முன்வைத்துக் காண்கிறது.

திறவுச்சொற்கள்: பேறுகால இரத்தசோகை, ஃபோலிக் அமிலம், லூசி வில்ஸ், கோஷா மருத்துவமனை, கடையநல்லூர், வயா.

முன்னுரை

புறநானூற்றின் 20ஆம் பாடல் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் காவற்சிறப்பைச் சொல்லும்போது, அவனது நாட்டு மண்ணைச் சூலுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் உண்பதில்லை என்னும் கருத்தை அமைக்கிறது. குறுங்கோழியூர் கிழார் பாடிய இப்பாடலில் மண் தின்னும் கர்ப்பிணி, விளக்கம் தேவைப்படாத அன்றாடக் காட்சியாக வந்துபோகிறாள். தொல்காப்பிய உரியியலும் 'வயா' என்னும் சொல்லுக்கு மிகுந்த வேட்கை எனப் பொருள் தருகிறது. மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றின்மீது கருவுற்ற காலத்தில் எழும் இவ்வேட்கையை இன்றைய மருத்துவம் இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புபடுத்துகிறது. எது காரணம், எது விளைவு என்பதில் மருத்துவர்களிடையே கருத்தொருமை இல்லை. எனினும், சூல்கொண்ட உடல் வழக்கமான உணவுக்கு அப்பால் எதையோ நாடுகிறது என்ற அறிதல் தமிழில் மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு நாடப்படும் பொருளை யார் தெரிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் வினா. சங்கப் பாடலில் தெரிவு செய்பவள் அப்பெண்ணே. இருபதாம் நூற்றாண்டில் அத்தெரிவு ஆய்வகத்துக்கும், பின்னர் அரசுக்கும், அதன்பின் ஓரளவு மருந்துக்கடைக்கும் கைமாறியது. இம்மாற்றம் தீமையென்று கூற இயலாது. பேறுகாலத்தில் மடிந்திருக்கக்கூடிய எண்ணற்ற பெண்கள் பிழைத்தது இம்மாற்றத்தால்தான். ஆயினும் கைமாறும்போது எது உடன் வந்தது, எது விடுபட்டது என்பது வரலாற்றாய்வுக்குரிய பொருள்.

புழுங்கல் அரிசி தந்த சான்று

வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, தமிழர் உணவு அக்கருத்துக்கு ஒரு சான்றாக அமைந்திருந்தது. பிரித்தானிய மலாயாவில் சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி நோய் பரவி உயிர்களைக் குடித்த காலத்தில், அதே நிலத்தில் உழைத்த தமிழர்களை அந்நோய் பெரிதும் தீண்டவில்லை. முன்னவர்கள் உண்டது தீட்டிய சயாம் வெள்ளரிசி. பின்னவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. இவ்வேறுபாட்டைச் சுட்டி பிராடன் 1907இல் நூல் எழுதினார். அவ்வாண்டில் தொடங்கி, நெகிரி செம்பிலானின் துரியன் தீபுசில் சாலைப்பணியில் இருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் சோதித்தனர். வெள்ளரிசி உண்ட பிரிவில் நோய் கண்டது. புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் காணவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடுத்த தவிட்டுப்படலத்திலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பின்னர் தீட்டினாலும் அது முற்றிலும் போவதில்லை. காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உருவாக்கியது 1912இல்தான்.

நெல்லவித்தது வீட்டுப் பெண்களின் வேலை. மருத்துவ வரலாற்று நூல்கள் இதைப் பெரும்பாலும் 'தமிழர் வழக்கம்' என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. வழக்கம் என்பது தலைமுறை தலைமுறையாக ஒருவர் செய்துவந்த தெரிவு என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

லூசி வில்ஸும் கோஷா மருத்துவமனையும்

கர்ப்பிணிக்கென ஒரு சத்துப்பொருளைக் கண்டறிந்த முதன்மையான ஆய்வு பம்பாயில் தொடங்கியது. தாய்மார் இறப்பு குறித்த விசாரணை ஒன்றை இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் மேற்கொண்டிருந்தது. அதில் முன்னின்ற மார்கரெட் பால்ஃபோரின் அழைப்பை ஏற்று, ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களுக்குக் கடுமையான இரத்தசோகை வந்தது. அவர்களது இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரிதாக இருந்தன. பேறு நெருங்கும்போது நோய் முற்றிப் பலர் இறந்தனர்.

வில்ஸ் முதலில் செய்தது கவனத்திற்குரியது. சகுந்தலா தல்பாதேயுடன் இணைந்து அவர் பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் கணக்கெடுத்தார். மிகக் குறைபாடான உணவும் மிகுதியான இரத்தசோகையும் ஒருங்கே காணப்பட்டது ஏழை முஸ்லிம் பெண்களிடையே. இக்கண்டறிதல் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்ததால் மட்டும் கிட்டியதன்று. அடுப்படியில் என்ன வேகிறது, யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, வீட்டுக்குள் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்றெல்லாம் கேட்டதால் கிட்டியது. அப்பெண்கள் உண்டதைப் போன்ற உணவையே எலிகளுக்கும் பின்னர்க் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். எலிச் சோதனையைப் பேன் பரப்பிய ஒரு தொற்று குழப்பியது. குரங்குகளிடம் விடை தெளிவானது. 'மார்மைட்' எனப்படும் ஈஸ்ட் சாறு அவற்றின் இரத்தசோகையைப் போக்கியது. பெண்களிடமும் அதே பயனைத் தந்தது. 1931இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இம்முடிவை அவர் வெளியிட்டார். அந்த அறியப்படாத சத்து பின்னாளில் 'வில்ஸ் காரணி' என்று வழங்கப்பட்டது.

இவ்வாய்வில் தமிழகத்தின் பங்கு அடிக்குறிப்பு அளவிலேயே நினைக்கப்படுகிறது. 1929இன் வெயில் மாதங்களில் வில்ஸ் தம் பணியைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே இராபர்ட் மக்காரிசன் 1918இல் ஓர் அறையில் பெரிபெரி விசாரணையாகத் தொடங்கிய முயற்சி, அதற்குள் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்திருந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு மூலம் அதுவே. 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னைச் 'சாதி மற்றும் கோஷா மருத்துவமனை'யில் பணியாற்றினார். மேரி ஷார்லீபின் முயற்சியால் 1885இல் நிறுவப்பட்ட இம்மருத்துவமனை, ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையைப் பேணிய முஸ்லிம் பெண்களுக்கும் உரியதாக இருந்தது. இன்று அது கஸ்தூரிபாய் காந்தி தாய்சேய் மருத்துவமனை. ஆனால் திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று கேட்டால்தான் வழி எளிதில் கிடைக்கும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். தீவிர இரத்தசோகையைக் குணமாக்கிய தூய்மைப்படுத்தப்பட்ட கல்லீரல் சாறு, வில்ஸின் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. தூய்மை குறைந்த சாறும் ஈஸ்ட் சாறும் பயன்பட்டன. எனவே பேறுகால இரத்தசோகை வேறொரு சத்தின் குறைவால் வருவது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதிகம் தூய்மைப்படுத்தியதில் பயன் போனது, முரட்டுப் பொருளில் நின்றது. புழுங்கல் அரிசியின் கதையும் ஏறத்தாழ இதுவே.

உணவிலிருந்து மாத்திரைக்கு

வில்ஸ் காரணி 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதைச் செயற்கையாக உருவாக்கிய செய்தி 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. அவ்வாய்வுக்கு வழிகாட்டியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அவருடைய சகோதரர்கள் 'ஸ்ப்ரூ' எனப்படும் குடல் நோயால் இறந்தனர். அவரும் அதனால் துன்புற்று ஆயுர்வேத மருத்துவத்தில் நலம் பெற்றார். அந்நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தாவது பின்னர் தெரியவந்தது. அவர் படித்த பள்ளியும் வில்ஸ் பணியாற்றிய கோஷா மருத்துவமனையும் திருவல்லிக்கேணியின் ஒரே சுற்றுவட்டத்தில் உள்ளவை என்பது தற்செயல்தான். ஆயினும் நம் பாடநூல்கள் ஏன் இதைச் சொல்வதில்லை என்ற வியப்பு எழாமல் இல்லை.

சத்து மூலக்கூறான பிறகு அதை அளக்கலாம், அடைக்கலாம், அனுப்பலாம். 1970இல் இந்திய அரசு தேசிய ஊட்டச்சத்து இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, 100 நாள்களுக்கு. எவ்வளவு இரும்பு தேவை என்பதை அறிய உலக சுகாதார நிறுவன ஆதரவில் தில்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் நடந்த சோதனைகள் 1975இல் வெளியாயின. திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மதிப்பீடு 1989இல் காட்டியது. அதற்கு விடையாக 1991இல் இரும்பின் அளவு 100 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. 2018இல் 'இரத்தசோகையற்ற பாரதம்' திட்டத்தில் மீண்டும் 60 மில்லிகிராம். நாள்கள் 180 ஆயின, பேறுக்குப் பின்னும் 180. மாத்திரையின் நிறம் சிவப்பு என்று வகுக்கப்பட்டது. 60, 100, மீண்டும் 60 என்ற இவ்வெண்களின் போக்கில் ஒன்று புலனாகிறது. திட்டம் தவறும்போதெல்லாம் முதலில் திருத்தப்பட்டது மாத்திரையே.

உணவைப் பற்றிய அறிவும் இதற்கிடையே நிலையாக இருக்கவில்லை. அய்க்ராய்டு தலைமையில் குன்னூரிலிருந்து 1937இல் வெளிவந்த உணவுச்சத்து அட்டவணையின் வழிவந்த பதிப்புகளே 'கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும்' என்ற மருத்துவ அறிவுரைக்கு நெடுங்காலம் எண்களை வழங்கின. 2017இல் வெளியான புதிய அட்டவணையில் பல கீரைகளின் இரும்பு அளவு பெரிதும் குறைந்து காணப்படுகிறது. பழைய மதிப்புகளில் இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும் கலந்திருந்தது என்பது தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. வயா கொண்ட பெண்ணின் மண், ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது போலும்.

விழுங்கப்படாத மாத்திரை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுள் இரத்தசோகை உடையோர் 2015-16இல் ஏறத்தாழ 44 விழுக்காடு. 2019-21இல் ஏறத்தாழ 48. மருத்துவமனைப் பேறு ஏறக்குறைய முழுமை பெற்ற மாநிலத்தில், மாத்திரை விலையின்றிக் கிடைக்கும் மாநிலத்தில் இந்நிலை. கிடைத்த மாத்திரை அனைத்தும் விழுங்கப்படுவதில்லை என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று.

இதனை 'அறியாமை' என்று எழுதிச் செல்வது சுகாதாரத் துறைசார் எழுத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எழுதுவதை நான் ஏற்கவில்லை. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குகிறது. குமட்டலையும் மலச்சிக்கலையும் தருகிறது. மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காத பெண்ணிடம் இது சிறிய இடர் அன்று. இன்னொரு காரணம் ஆழமானது. மார்க் நிக்டர், மிமி நிக்டர் ஆகியோர் தென்கன்னடப் பகுதியில் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வு, வயிற்றினுள் இருக்கும் இடத்தைச் சோறும் கருவும் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற மக்கள் கருத்தைப் பதிவு செய்தது. பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்ற அச்சமும் அதில் உண்டு. தமிழகத்திலும் 'சத்து மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துவிடும்' என்ற பேச்சைக் கேட்காத செவிலியர் அரியர். அறுவைப் பேறு எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் பெரிய குழந்தை என்பது உண்மையாகவே உயிர்ப் பிரச்சினை. அன்று அறிவாக இருந்தது இன்று அச்சமாக எஞ்சியிருக்கிறது. மாத்திரையை அஞ்சறைப் பெட்டியின் மூலையில் போட்டுவைப்பதும் ஒரு தெரிவுதான். அதன் காரணம் கேட்கப்படுவதில்லை என்பதே குறை.

வழங்கலின் வழியிலும் உணவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தேர்ந்தெடுத்த கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு அளித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் சேர்ந்தது. சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் ஆகியன அதில் அடங்கும். உலக அளவிலோ விவாதம் வேறு திசையில் செல்கிறது. 1999இல் வகுக்கப்பட்ட, 30 மில்லிகிராம் இரும்புடன் 15 நுண்சத்துகள் கொண்ட ஒரே மாத்திரையை ஏற்பதா என்பது இன்றைய கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதனைக் கடுமையான ஆய்வுச் சூழலில் மட்டும் பரிந்துரைத்தது. இந்தியத் திட்டம் இரும்பு, ஃபோலிக் அமிலத்திலேயே நிற்கிறது.

கடையநல்லூர்: இரு வழிகளின் சந்திப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கருப்பாநதிப் பாசனத்தில் அமைந்த கடையநல்லூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூரார் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்றனர். ஆண்கள் மட்டும் செல்வது பெருவழக்காக இருந்த காலத்தில் இவர்களுள் பலர் குடும்பமாகக் குடியேறினர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலும் அதன் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1946இலும் தோன்றின. பின்னர் வளைகுடா நாடுகளும் இவ்வழியில் சேர்ந்தன.

வில்ஸ் பம்பாயில் கண்ட பெண்களோடு இவ்வூர்ப் பெண்களைச் சமன்படுத்திவிடக் கூடாது. ஆலைத் தொழிலாளியின் நெருக்கடியான குடியிருப்பு வேறு. தறி வீட்டிலேயே ஓடும் குடும்பம் வேறு. எனினும் நெசவுக்கூலியையும் அயல்நாட்டு வருவாயையும் நம்பிய வீடுகளில் யார் தட்டில் என்ன விழுகிறது என்ற வில்ஸின் வினாவை இங்கும் கேட்கலாம். கேட்டால், கர்ப்பிணியின் முன் இரு வழிகள் தெரிகின்றன. ஒன்று அரசு தரும் சிவப்பு மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும். மற்றொன்று ஊர் திரும்பும் உறவினரின் பெட்டியில் வரும் பலசத்து மாத்திரைப் புட்டி. விலை உயர்ந்தது, வெளிநாட்டது என்பதால் இரண்டாவதற்கு மதிப்பு அதிகம். இரண்டையும் சேர்த்து உண்பதிலுள்ள இடர் அப்புட்டியின் சிற்றெழுத்தில் இருக்கிறது. வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் சேர்ந்தால் கருவில் பிறவிக் குறை நேரும் வாய்ப்பு உயர்வதை, 22,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 1995இல் எடுத்துக்காட்டியது. பல புட்டிகளில் இவ்வளவு இருப்பதில்லை. ஆனால் மீனெண்ணெய், டானிக், மாத்திரை என மூன்றும் கூடும்போது கணக்குப் பார்ப்பவர் யார்? கூழ்ம உறையின் மூலப்பொருள் எது என்று சமய நோக்கில் வினவும் வழக்கம் இங்கு வலுவாக உண்டு. அட்டையைப் படித்துக் கேள்வி கேட்கும் அப்பழக்கத்தைச் சுகாதாரப் பணியாளர் தம் துணையாகக் கொள்ளலாம். ரெட்டினால் எவ்வளவு என்பதையும் அதே அட்டையில் பார்க்கச் சொன்னால் போதும்.

ஃபோலிக் அமிலத்தைப் பொறுத்தவரை சிக்கல் காலத்தில் இருக்கிறது. கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குறை திரும்ப நேர்வது 72 விழுக்காடு தவிர்க்கப்படும் என்பதை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பன்னாட்டு ஆய்வு நிறுவியது. மாதவிலக்குத் தள்ளி, வீட்டில் சொல்லி, செவிலியரிடம் பதிவதற்குள் அந்நாள்கள் கடந்துவிடுகின்றன. இரும்பு மாத்திரை பொதுவாகத் தொடங்குவதோ பதினான்காம் வாரத்தில். எனவே திருமணமான புதுப்பெண், கருவுறும் முன்பே மருந்துக்கடையில் ஃபோலிக் அமிலம் கேட்க வேண்டியவளாகிறாள். புதுமணப்பெண் அதைக் கேட்பது எத்துணைக் கூச்சத்துக்குரியது என்பதைச் சிற்றூர் அறிந்தோர் அறிவர். கோஷா மருத்துவமனையைத் தோற்றுவித்த கூச்சத்தின் மறுவடிவம் இது. அன்று அதற்கென ஒரு மருத்துவமனையே எழுப்பப்பட்டது.

நோன்புக் காலம் இன்னொரு நுட்பமான கேள்வியை எழுப்புகிறது. தனக்கோ கருவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி ரமலான் நோன்பை ஒத்திவைக்க மார்க்கம் இடம் தருகிறது. ஆயினும் நோற்கவே விரும்புவோர் உளர். அவர்களுக்கு உண்ணும் நேரம் மாலை முதல் விடியல் வரை மட்டுமே. இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் ஒருசேர விழுங்கினால் ஒன்று மற்றொன்றின் உறிஞ்சலைத் தடுக்கும்; தேநீரின் துவர்ப்பும் இரும்பைத் தடுக்கும். சுண்ணாம்புச்சத்தோ நாளுக்கு இருமுறை. நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் தேநீர் அருந்துவது இங்கு வழக்கம். ஆகவே கஞ்சிக்குப் பின் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை, தேநீரடங்கி இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, சஹர் உணவோடு மற்றொரு சுண்ணாம்புச்சத்து என்று பிரித்தாக வேண்டும். இரும்போடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் உறிஞ்சல் கூடும். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. நாளுக்கு ஒரு மாத்திரை என்று மட்டும் சொல்லும் அறிவுரையில் இவ்வட்டவணைக்கு இடமில்லை. அவள் என்ன உண்கிறாள், எப்போது உண்கிறாள் என்று கேட்டவர்களால்தான் இதை வகுத்துத் தர இயலும்.